நம்பரைக் காட்டத்தான் கை தூக்கினேன்

நான் அடிக்கப் போகல சார். நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? பிளாட்பாரமே ஒரு மாதிரி திரும்பிப் பாத்துச்சி. அந்த போர்ட்டர் வேற, 'பெரியவரே, பெரியவரே'ன்னு ஓடியாந்து என் கையைப் புடிச்சான். நான் இன்ஜின் நம்பரைக் காட்டறதுக்குத்தான் கையைத் தூக்கினேன். வண்டிக் கதவுகிட்ட நின்னானே, ஒரு பக்கம் தாடை உள்ள போன மாதிரி, அவன்தான் ரெண்டு கையாலயும் மூஞ்சை மூடிக்கிட்டு அப்படியே குந்திட்டான். அம்பது வயசு ஆளு. எனக்கு எவ்ளோ அசிங்கம், சொல்லுங்க.

உக்காருங்க சார். உங்க வண்டி இன்னும் ஒரு மணி நேரம் லேட்டுன்னு இப்பதான் சொன்னாங்க. இந்தப் பையை நகத்திக்கிறேன் இருங்க. உள்ள பொம்மை இருக்குது, நசுங்கிடப் போவுது.

அவன் என் மச்சான். சம்சாரத்தோட தம்பி, தயாளன். என் பேரு ஏகாம்பரம். முப்பத்தாறு வருஷம் ரயில்வேல எலக்ட்ரிக் இன்ஜின் ஷெட்டு. சக்கரம் கழட்டி மாட்டற செக்‌ஷன்ல மிஸ்திரி. எந்த ஷெட்டுன்னு மட்டும் கேக்காதீங்க. அந்த இடத்து மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல.

இப்ப போச்சே, அந்த இன்ஜின் நெத்தியில என்னா எழுதியிருந்துச்சின்னு பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. யாரும் பாக்க மாட்டாங்க. வண்டி பேரைப் பாப்பீங்க, கோச் நம்பரைப் பாப்பீங்க, இழுத்துட்டுப் போறவனை ஒருத்தரும் பாக்கறதில்ல. டபிள்யூ ஏ பி ஏழு. டபிள்யூன்னா அகலப் பாதை. 'ஏ'ன்னா மேல ஒயர்ல வர்ற ஏ.சி. கரண்டு. டீசலா இருந்தா அங்க டி வரும். அடுத்த எழுத்துதான் முக்கியம். 'பி'ன்னா பாசஞ்சர், ஆளுங்களை இழுக்கறது, வேகம். 'ஜி'ன்னா கூட்ஸ், பலம். எம்முன்னா ரெண்டு வேலையும் செய்யும். எஸ்ஸுன்னா ஷண்டிங்கு, யார்டுக்குள்ளயே பொட்டிய முன்ன பின்ன தள்ளிக்கினு கெடக்கும். கடைசில வர்ற நம்பரு எத்தனாவது ரகம்னு. அப்புறம் அஞ்சு எண், அது அதோட சொந்த நம்பரு. இருபத்திரெண்டாயிரத்துல ஆரம்பிச்சா பி நாலு, இருபத்திமூணாயிரம்னா ஜி அஞ்சு, இப்ப போனது முப்பதாயிரம். குடுத்தா குடுத்ததுதான் சார். உடைச்சி எடைக்குப் போடற நாள் வரைக்கும் அதே நம்பரு, அதே எழுத்து. என்னா ஒழுங்கு பாருங்க.

மனுசனுக்கும் இப்படி எழுதி வச்சிருந்தா வம்பே இல்ல. யாரும் எழுதலையேன்னு நானே மனசுக்குள்ள எழுதிடுவேன். என் சம்சாரம் சகுந்தலா எம்மு. சமையலும் பண்ணுவா, தையல் மிஷினும் மிதிப்பா. என் பொண்ணு ஹேமா பி. நல்ல வேகம், ஆனா வெயிட்டு தாங்க மாட்டா. தயாளன் எஸ்ஸு. சத்தியமா எஸ்ஸு சார் அவன். தள்ளுன்னா தள்ளுவான், நில்லுன்னா நிப்பான், தானா மெயின் லைனுக்குப் போவத் தெரியாது. நான் ஜி. எத்தனை பொட்டி மாட்டினாலும் வாயைத் திறக்காம இழுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க.

பி இன்ஜினுக்கும் ஜி இன்ஜினுக்கும் வித்தியாசம் எங்கன்னா, அடியில. அச்சுல பெரிய பல்சக்கரம் ஒண்ணு இருக்கும், மோட்டார்ல சின்னது ஒண்ணு. எங்க ஷெட்டு பி நாலுக்கு அந்தப் பெரிய சக்கரத்துல அம்பத்தெட்டு பல்லு. ஜி அஞ்சுக்கு அறுபத்துநாலு. சைக்கிள் கியர் மாதிரி நெனச்சுக்கோங்க. ஜி அச்சைத் தப்பித் தவறி பி இன்ஜினுக்கு அடியில மாட்டிட்டீங்க, போச்சு. இன்ஜினுக்கு ஆறு மோட்டார், அதுல அஞ்சு ஒழுங்கா சுத்தும், அந்த ஒண்ணு மட்டும் தாங்க முடியாத வேகத்துல சுத்தும். ஒரு நாள் உள்ளுக்குள்ளயே கிழிஞ்சிடும். சக்கரம் பூட்டிக்கும்.

அதுக்காகத்தான் ஷெட்டுல ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. சக்கரத்தை மூடி போட்டு மறைக்கறதுக்கு முன்னால ரெண்டு ஆளு பல்லை எண்ணணும். மொதல் பல்லுல சாக்பீஸால கோடு. அங்கேருந்து ஒருத்தன் வாய்விட்டு எண்ணணும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு, ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க மாதிரி. இன்னொருத்தன் கேட்டுக்கினே இருந்து ரிஜிஸ்டர்ல எழுதணும். அப்புறம் அச்சு மேல பி, இல்ல ஜி, சாக்பீஸ்ல. ரெண்டு பேரும் கையெழுத்து. புதுசா வர்றவனுக்கு அது சரி. முப்பது வருஷம் சக்கரத்தோட குடும்பம் நடத்தினவனுக்கு எதுக்கு சார்? நான் தூரத்துல பாத்தே சொல்லுவேன். பி, அம்பத்தெட்டு, மூடு. ஒரு நாளும் தப்பினதில்ல.

இது நடந்தது ஒம்பது வருஷம் முன்னால, கத்திரி வெயில்ல. ஷெட்டுத் தகரம் கொதிக்கும், ஸ்பானரைக் கையில புடிக்க முடியாது. தயாளன் வேற செக்‌ஷன்ல இருந்தான். நான்தான் ஃபோர்மேன் கிட்ட பேசி என்கிட்ட இழுத்துக்கினேன். சொந்தக்காரன் கூட இருந்தா நல்லதுன்னு. வந்து மொத வாரம். நான் பாத்து 'பி'ன்னு எழுதிட்டு, மூடிய எடுக்கச் சொல்றேன், இவன் மண்டி போட்டுக்கினு 'ஒண்ணு, ரெண்டு'ன்னு ஆரம்பிக்கிறான். வெளையாடறான்னு நெனச்சேன். பதினஞ்சு, பதினாறு. மேல கிரேன்ல உக்காந்திருந்தவன் எட்டிப் பாத்துச் சிரிக்கிறான், மிஸ்திரி எழுதினதை மச்சான் சரி பாக்கறான்னு. இருபத்திமூணு வரைக்கும் பொறுத்தேன் சார். யாரு பொறுப்பா அவ்ளோ நேரம்? பொடனில ஒண்ணு விட்டேன். நெத்தி சக்கரத்துல மோதி ரத்தம் வந்துடுச்சி.

தொடைடான்னேன். அவன் நெத்தியைத் தொடைக்கிறான். சக்கரத்தைத் தொடைடான்னேன். ரத்தம் பட்ட எடம் துருப் புடிக்கும் சார், உங்களுக்குத் தெரியாது.

அப்புறம் ஃபோர்மேன் வந்து எண்ண வச்சாரு. எத்தனை? அம்பத்தெட்டு. நான் சொன்னது கரெக்டு. அதைச் சொல்ல மாட்டாங்க, அடிச்சதை மட்டும் சொல்லுவாங்க.

ரெண்டாந்தடவை சத்தம் போடாம ஒதட்டை மட்டும் ஆட்டி எண்ணினான். முட்டில உதைச்சேன். பத்து நாள் நொண்டினான். அதுக்கப்புறம் வாயே திறக்கல. வேலை எப்படி ஓடுச்சி தெரியுமா? பக்கத்து கேங்கு ஒரு சக்கரம் முடிக்கிறதுக்குள்ள நாங்க ரெண்டு முடிப்போம். ஃபோர்மேனே எல்லார் முன்னாலயும் சொன்னாரு, ஏகாம்பரம் செக்‌ஷன்ல சத்தமே இருக்காதுய்யா, வேலைதான் இருக்கும்னு.

வீட்டுலயும் அப்படித்தான். நான் சாப்பிடறப்ப ஹேமா எதுத்தாப்பல உக்காரணும். அப்ப பத்தாவது படிச்சிக்கிட்டு இருந்தா. நான் எழுத்து சொல்லுவேன், அவ விளக்கம் சொல்லணும். டபிள்யூ டி எஸ் ஆறுன்னா என்னா? ஒய்யின்னு ஆரம்பிச்சா எந்தப் பாதை? தப்பா சொன்னா கரண்டியால கைல ஒண்ணு. வலிக்கறதுக்கு இல்ல சார், ஞாபகம் இருக்கறதுக்கு. ஒரு தடவை தோசைக் கரண்டி, அடுப்புலேருந்து எடுத்தது, நான் கவனிக்கல. தழும்பு இருக்குது. ஆனா இன்னிக்குக் கேளுங்க, எல்லா எழுத்தும் சொல்லும் அந்தப் பொண்ணு. என்னா, ஒரு கெட்ட பழக்கம் புடிச்சுக்கிச்சி. நான் தண்ணி சொம்பு எடுக்கக் கை நீட்டினாக்கூட, இடது முழங்கையை இப்படித் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கும். நடிப்பு. அவங்கம்மா சொல்லிக்குடுத்ததுன்னு நெனச்சேன். அந்தம்மாவையும் கேட்டேன், நல்லாவே கேட்டேன், பொடவை கிழிஞ்சிப் போற அளவுக்கு.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

அது ஒரு செவ்வாக்கெழமை. பி நாலு ஒண்ணு, அடியில எறங்கி வேலை பாக்கற குழி மேல நிக்குது, மூணாவது அச்சு மாத்தணும். நம்பர் சொல்ல மாட்டேன். அது இன்னும் ஓடிக்கினு இருக்குது, பாவம், அது என்னா பண்ணுச்சி? கிரேன்ல அச்சு வந்து எறங்குச்சி. பாத்தேன். பி, அம்பத்தெட்டுன்னு எழுதினேன். தயாளன் சக்கரத்து மேல கையை வச்சுக்கினு நின்னான். வெரலால பல்லு பல்லா தடவிக்கினு, கொழந்தைத் தலையைத் தடவற மாதிரி. 'என்னாடா?'ன்னேன். 'ஒண்ணுமில்ல மாமா'ன்னான். கையெழுத்துப் போட்டான். பாத்துக்கோங்க சார், அவன் கையெழுத்தும் இருக்குது. மூடினோம், மாட்டினோம்.

பன்னெண்டு நாள் ஓடுச்சி. பதிமூணாவது நாள் காலைல பத்து மணி, நூறு கிலோமீட்டர் வேகத்துல போறப்ப மோட்டார் கிழிஞ்சிடுச்சி. சக்கரம் பூட்டி, தண்டவாளத்துல தீப்பொறி பறக்க இழுத்துக்கினே போயிருக்குது. டிரைவர் புண்ணியவான், கவுக்காம நிறுத்திட்டாரு. உள்ள இருந்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா சக்கரத்து மூடி பொளந்து, ஒரு துண்டு பறந்து போய், லைன் ஓரமா ஒதுங்கி நின்ன கேங்மேன் ஒருத்தருக்கு முட்டிக்குக் கீழ காலை எடுத்துடுச்சி. அவரு பச்சைக் கொடிய விடாம புடிச்சிருந்தாராம். சொன்னாங்க.

இன்ஜினை இழுத்தாந்து ஷெட்டுல போட்டாங்க. அச்சைக் கழட்டினாங்க. ஷெட்டே சுத்தி நிக்குது. ஃபோர்மேன் சாக்பீஸ் கோடு போட்டு அவரே எண்ண ஆரம்பிச்சாரு, வாய்விட்டு. அம்பத்தாறு, அம்பத்தேழு, அம்பத்தெட்டு. அங்க நின்னிருக்கணும் சார். நிக்கல. அம்பத்தொம்பது. அறுபது. ஒவ்வொண்ணும் என் கன்னத்துல அறையற மாதிரி இருந்துச்சி. எல்லாரும் வாயைப் பொளந்துக்கினு சக்கரத்தைப் பாக்கறாங்க. நான் மட்டும் திரும்பி தயாளனைப் பாத்தேன். அவன் சக்கரத்தைப் பாக்கல. தலையைக் குனிஞ்சிக்கினு தரையைப் பாக்கறான். அப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சி. இவனுக்குத் தெரியும். மொதல்லேருந்தே தெரியும்.

பெரிய ரிங் ஸ்பானர் கைக்கிட்ட இருந்துச்சி. மொத அடி தோள்ல. ரெண்டாவது தாடைல. காஞ்ச வெறகு ஒடியற மாதிரி சத்தம் கேட்டுச்சி. அவன் கத்தல சார், அதான் எனக்கு இன்னும் கோவத்தைக் கெளப்புச்சி. கீழ விழுந்தவனை விலாவுல உதைச்சேன். பேசேண்டா, எண்ணேண்டா இப்பன்னு கேட்டுக்கினே உதைச்சேன். வாயி நிறைய ரத்தத்தை வச்சுக்கினு அவன் எப்படிப் பேசுவான், அது எனக்குத் தோணல. நாலு பேரு என் மேல உழுந்து புடிச்சாங்க. ஃபோர்மேன் எண்ணறதை நிறுத்தவே இல்ல. அறுபத்துநாலுன்னு அவரு சொன்னது எனக்குக் கேட்டுச்சி.

விசாரணை வந்துச்சி. ரிஜிஸ்டர்ல அம்பத்தெட்டுன்னு என் எழுத்து. என் வேலை போயிடும்னுதான் எல்லாரும் பேசினாங்க. ஆஸ்பத்திரில தயாளனுக்குத் தாடைல கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க, பேச முடியாது. பேப்பர்ல எழுதிக் குடுத்தான். என்னா எழுதினான் தெரியுமா? 'பல்லை எண்ணிச் சொன்னது நான்தான், தப்பா எண்ணிட்டேன், மிஸ்திரி நான் சொன்னதைத்தான் எழுதினாரு.' தாடை? 'குழில தவறி விழுந்துட்டேன்.' ஷெட்டே பாத்த விசயம், ஒருத்தனும் வாயைத் திறக்கல. என் செக்‌ஷன்ல சத்தம் இருக்காதுன்னு சொன்னேன் இல்ல?

எனக்காகச் செஞ்சான்னு நெனைக்காதீங்க. அவங்க அக்கா தெருவுல நிக்கக் கூடாதுன்னு செஞ்சான். அவனைப் பதவி எறக்கி எங்கேயோ தூரத்துக்கு மாத்திட்டாங்க. நான் மரியாதையா ரிட்டையர் ஆனேன், மாலை போட்டாங்க, சுவர்க் கடியாரம் குடுத்தாங்க. ஆனா அந்தக் கடியாரத்தைப் பாக்க வீட்டுல ஆளில்ல. அவனை ஆஸ்பத்திரிலேருந்து விட்ட அன்னிக்கே சகுந்தலா ஹேமாவைக் கூட்டிக்கினு அவன் கூடப் போயிட்டா. கஞ்சியைக் கொழாயில உறிஞ்சறவனுக்கு ஆளு வேணும்னு சொன்னா. நானும் ரெண்டு மாசம்னு நெனச்சேன். ஒம்பது வருஷம் சார். பொண்ணு கல்யாணம் பெங்களூர்ல நடந்ததே அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும். பேத்தி பொறந்ததும் அப்படித்தான். அகல்யான்னு பேரு, நாலு வயசு.

போன ஞாயித்துக்கெழமை ஹேமா போன் பண்ணுச்சி. அப்பான்னுச்சி. 'அன்னிக்கு தயாளன் மாமா வெரலாலயே எண்ணிட்டாருப்பா, அறுபத்துநாலுன்னு அன்னிக்கே வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னாரு, அவர்கிட்ட சொன்னா என்னை அடிச்சே கொன்னுடுவாரு, மேல போய்ச் சொன்னா உன்னை அடிப்பாரு அக்கான்னு அழுதாரு'ன்னுச்சி. 'என்கிட்ட சொல்லியிருக்கலாமே, நான் என்னா வாயைத் தெச்சா வச்சேன்?'ன்னேன். 'சொல்லியிருந்தா அடிச்சிருப்பீங்க'ன்னுச்சி. 'அடிச்சிருப்பேன், ஆனா அப்புறம் எண்ணிப் பாத்திருப்பேன் இல்ல?'ன்னேன்.

அப்புறம் சொல்லுச்சி. 'வர்ற வியாழக்கெழமை ஊருக்குத் திரும்பறோம். வழியில உங்க ஊரு ஸ்டேஷன்ல வண்டி ரெண்டு நிமிஷம் நிக்கும். மாமா கதவுகிட்ட நிப்பாரு. நான்தான் எண்ணாம எழுதினேன்னு அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. சொன்னா நானும் பாப்பாவும் எறங்கி ரெண்டு நாள் உங்களோட இருக்கோம். சொல்லலைன்னா எறங்க மாட்டோம், இனிமே போனும் பண்ண மாட்டேன்.'

மூணே வார்த்தை சார். நான்தான் எண்ணாம எழுதினேன். நாலு நாளா கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். வீட்டைக் கழுவி விட்டேன். புதுத் தலகாணி வாங்கினேன். இந்தப் பொம்மை இன்ஜினையும் வாங்கினேன், பாருங்க. கடையில இருந்தப்ப ஒரு எழுத்தும் இல்ல இதுல, மொட்டையா இருந்துச்சி. நானே வெள்ளை பெயிண்ட்டுல எழுதினேன், டபிள்யூ ஏ பி நாலுன்னு. நம்பரும் போட்டேன். எழுத்து நேரா வந்திருக்குது இல்ல?

வண்டி வந்துச்சி. தயாளன் கதவுல நிக்கிறான். அந்தத் தாடையைப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சி. 'நான்தான்'னு ஆரம்பிச்சேன். சத்தியமா ஆரம்பிச்சேன். அடுத்த வார்த்தை வரல. சரி, மொதல்ல வேற ஏதாவது பேசி, அப்புறம் சொல்லலாம்னு, 'பாருடா தயாளா, உன் வண்டிய பி ஏழுல்ல இழுத்துக்கினு வருது, முப்பதாயிரம் நம்பரு'ன்னு சொல்லி இன்ஜின் பக்கம் கையைத் தூக்கினேன். மீதியை நீங்கதான் பாத்தீங்களே. அவன் குந்திட்டான், போர்ட்டர் என்னைப் புடிச்சான், அதுக்குள்ள சிக்னல் விழுந்துடுச்சி. மிச்ச ரெண்டு வார்த்தையைச் சொல்லவே இல்ல சார். எனக்கு அழுகையா வருது.

வண்டி நகர ஆரம்பிச்சதும் நான் ஓடினேனே, அது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது ஜன்னல்ல ஹேமா உக்காந்திருந்தா. மடியில கொழந்தை. அப்படியே ஹேமா நெத்தி. மொதல் தடவையா பாக்கறேன். பொம்மையையாவது குடுத்துடலாம்னு பையிலேருந்து எடுத்து ஜன்னல் கம்பிகிட்ட தூக்கினேன். அந்தக் கொழந்தை இடது முழங்கையை இப்படித் தூக்கி மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிச்சி.

நான் அதைத் தொட்டதே இல்ல சார். என்னை அது பாத்ததே இல்ல. தயாளன் அடிக்கிற ஆளில்ல. மாப்பிள்ளை ரொம்ப சாதுன்னு கேள்வி. 'யாரும்மா பாப்பாவை அடிக்கறாங்க?'ன்னு கத்திக் கேட்டுக்கினே ஓடினேன். ஹேமா தலையைக் குனிஞ்சிக்கினா. வண்டி போயிடுச்சி.

நீங்க வெளி ஆளு, உங்களுக்குத் தெரியும். நாலு வயசுக் கொழந்தை சார். அதை யாரு அடிச்சிருப்பாங்க?

எதுக்கு எழுந்திரிக்கிறீங்க, உங்க வண்டிதான் வரலையே. சொல்லுங்க சார். நான் அடிக்க மாட்டேன்.